பழமொழியை வாயிலிருந்து சீட்டுக்குக் கொண்டுவருவது: வேலூர் வட்டாரத்தில் சேகரிப்பவர்களுக்கு

பழமொழி சேகரிக்க ஊருக்குள் போய்த் திரும்பும் பலருடைய நோட்டைப் புரட்டினால் முக்கால்வாசி பள்ளிக்கூடத்துச் சுவரில் ஏற்கெனவே எழுதியிருப்பதுதான் கிடைக்கும். மீதிக்கும் பொருள் என்று இரண்டே சொல் இருக்கும்: ‘பேராசை கூடாது’, ‘ஒற்றுமை வேண்டும்’. போனவர் சோம்பேறி என்று அர்த்தமில்லை. எதை எழுத வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் அடி வாங்கித் திண்ணையில் தேம்பும் பேரனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆயா சொன்னால் அது ஆறுதல். புருஷன் அடித்தான் என்று பிறந்த வீட்டுக்கு வந்து நிற்கும் பெண்ணிடம் பெரியம்மா சொன்னால் அது ‘திரும்பிப் போ’ என்ற உத்தரவு. சொல்லில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ‘அன்பு உள்ளவரே கண்டிப்பார்’ என்று நோட்டில் பொருள் எழுதிவைத்தால் அந்தப் பெண்ணுக்கு நடந்தது அதில் எங்குமே இருக்காது.

ஆகவே எழுதும் வரிசையை மாற்றுங்கள். முதலில், அதைச் சொன்ன சமயம்; அடுத்து வரி; கடைசியில் பொருள். சமயம் என்பதற்கு நாலு விவரம் போதும்: யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, கேட்டவர் என்ன செய்தார். நாலாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கேட்டவர் சிரித்தாரா, வாயடைத்துப் போனாரா, பதிலுக்கு இன்னொரு பழமொழியைப் போட்டாரா? பதிலுக்குப் போட்டிருந்தால் இரண்டையும் ஒரே சீட்டில் (எழுதிவைக்கும் அட்டையில்) ஜோடியாக எழுதுங்கள். பிரித்தால் இரண்டுமே பாதியாகிவிடும்.

பேச்சின் நடுவே தானாக வந்த பழமொழி வேறு, நீங்கள் கேட்டதற்காகச் சொன்னது வேறு. சீட்டின் மூலையில் ‘தா’ அல்லது ‘கே’ என்று ஓர் எழுத்துப் போடுங்கள். கேட்டு வாங்கியதாக இருந்தால் ‘இதுக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்க வேண்டாம். அப்படிக் கேட்டால் அவர் வாத்தியாராகிவிடுவார். ‘கடைசியா இதை யார்கிட்ட சொன்னீங்க?’ என்று கேளுங்கள். உண்மையான ஒரு சம்பவம் வரும். பொருள் அதற்குள்ளேயே இருக்கும்.

எது பழமொழி?

இதில் நிறைய நேரம் செலவழிக்க வேண்டாம். பாதியைச் சொல்லி நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவர் மீதியை முடிக்கிறாரா என்று பாருங்கள், முடித்தால் பழமொழி. ‘கம்பி நீட்டினான், நீட்டுவான், நீட்டிட்டா’ என்று ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறினால் அது மரபுத்தொடர். ‘குரங்கு கையில பூமாலை மாதிரி’ என்று இன்னொரு வாக்கியத்தில் ஒட்டிக்கொண்டே வந்தால் உவமை. ‘-னானாம்’, ‘-னாளாம்’ என்று முடிவதும், ‘-லாமா?’ என்று கேள்வியாக நிற்பதும் பெரும்பாலும் பழமொழியே. ‘வேலியில போன ஓணானை எடுத்து மடியில வுட்டுக்கினு குத்துது குடையுதுன்னானாம்’ என்பது இந்த ரகம். சந்தேகமாக இருந்தால் எழுதிவைத்து ‘வகை?’ என்று குறித்துவிடுங்கள். வகை பிரிப்பதை வீட்டில் செய்யலாம். விட்டுவிட்டு வந்த வரியை வீட்டில் பிடிக்க முடியாது.

உட்காரும் இடம்

கை வேலையில் இருக்க வேண்டும், வாய் சும்மா இருக்க வேண்டும். வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் திண்ணைக்கு நிகரான இடம் இல்லை. ஆனால் அங்கே ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. உங்களுக்காக நிமிர்ந்து உட்கார்ந்தால் அவர்களுக்கு நஷ்டம். வேலையை நிறுத்த விடாதீர்கள். ‘இங்க பாருங்க’ என்று கூப்பிடாதீர்கள். எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள்.

மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கியதும் செடியைக் குவித்து வட்டமாக உட்கார்ந்து காய் ஆயும் நேரமும் நல்லது. நூறு நாள் வேலையில் மதியம் ஏரிக்கரை மர நிழலில் ஒதுங்கும் நேரமும் அப்படித்தான். நடவு நாளில் போகாதீர்கள். குடியாத்தம் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. தெருவில் பாவு நீட்டும் (தறிக்கான நெடுக்கு நூலை விரித்துக் கட்டும்) காலை நேரத்தில் போனால் நாலு குடும்பத்துப் பேச்சு ஒரே இடத்தில் கிடைக்கும்.

திரௌபதியம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும் மாதங்களில் மதியம் பாரதப் பிரசங்கம், இரவு கூத்து. கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் வாயில் பழமொழி கொட்டும். அவற்றைத் தனிக் கட்டாக வையுங்கள். அவருக்கு அது தொழில். பல ஊர் மேடையில் சேர்த்த சரக்கு. அந்த ஊர்க்காரர் அன்றாடம் சொல்வதாகக் கணக்கில் சேர்த்தால் தவறாகிவிடும். அதைவிட, மறுநாள் காலை கூத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்களிடம் உட்காருங்கள். ‘கார்த்திகைக்கு அப்புறம் மழையும் இல்லை, கர்ணனுக்கு அப்புறம் கொடையும் இல்லை’ என்பது கர்ண மோட்சம் (கர்ணன் சாகும் கூத்து) பார்த்த மறுநாள் வரும்போது அதில் மழை இருக்காது. ஊரில் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துச் செத்துப்போன யாரோ ஒருவர் இருப்பார். இதே வரியைக் கார்த்திகை தீபம் முடிந்த வாரத்தில் கொல்லைக்காரர் (மானாவாரி விவசாயி) சொன்னால் மழையைத்தான் சொல்கிறார். இரண்டு சீட்டு போடுங்கள். வேலூருக்குத் தென்மேற்குப் பருவத்திலும் கணிசமான மழை உண்டே, பழமொழி சரியா தவறா என்று வானிலைக் கணக்கோடு பொருத்திப் பார்ப்பது சேகரிப்பவர் வேலை இல்லை.

எத்தனை பேர் என்றால் இரண்டு கிழவிகள் சேர்ந்திருப்பதுதான் சரி. ஒருத்தி ஆரம்பிப்பாள், இன்னொருத்தி ‘அப்படி இல்லடி’ என்பாள். அந்தச் சண்டையில்தான் மாற்று வடிவம் வெளியே வரும். ஆண்களும் பெண்களும் கலந்து உட்கார்ந்தால் மாமியார், புருஷன், படுக்கை பற்றியவை வெளியே வராது. பள்ளிப் பிள்ளைகள் சுற்றி நின்றால் பாடப் புத்தகம்தான் வரும்.

வாயைத் திறக்க வைப்பது

‘பழமொழி சொல்லுங்க’ என்று கேட்கவே கேட்காதீர்கள். கேட்டால் ‘எனக்கு இன்னா தெரியும், எங்க மாமியாருக்குத்தான் தெரியும், அது பூட்சி (செத்துப்போச்சு)’ என்ற பதில் வரும். உள்ளே இல்லை என்று அர்த்தமில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வராத சங்கதி இது; சமயம் வந்தால்தான் வரும்.

மிகவும் பலன் தரும் வழி தெரிந்தே தப்பாகச் சொல்வது.

‘ஆயா, ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாமே?’

‘தெரு இன்னாத்துக்கு கோணலாவுது? தெருவுல எவ ஆடுவா? கூடம் கோணல்னாளாம்.’

பெரியவர்களுக்குத் திருத்துவதில் ஒரு சந்தோஷம். திருத்திய கையோடு அதற்குக் காரணமும் சொல்வார்கள். ‘தெருவுல எவ ஆடுவா’ என்ற அந்த வாக்கியம் எந்தப் புத்தகத்திலும் இல்லாத உரை. அதை அப்படியே எழுதுங்கள். இந்த வழியில் ஓர் ஆபத்தும் உண்டு. மரியாதைக்காக உங்கள் தப்பையே ஒப்புக்கொண்டு தலையாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தலையாட்டலைச் சீட்டில் ஏற்றாதீர்கள். அவர் வாயால் முழுதாகச் சொன்னால் மட்டும் எழுதுங்கள்.

இரண்டாவது வழி, பாதி சொல்லி நிறுத்துவது. மூன்றாவது, ஒரு நிலைமையைச் சொல்வது: ‘கடன் வாங்கிக் கல்யாணம் பண்றான், பந்தல் மட்டும் பெரிசா போடறான், அவனை என்னன்னு சொல்லுவீங்க?’ நாலாவதாக, ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் அதைவிட்டு நகராமல் இருப்பது. நாய், கழுதை, மாடு, நாத்தனார், கூழ், கடன், வாய், மழை இவற்றில் ஒன்று. ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும். பத்து நிமிஷம் ஆன பிறகுதான் அடியில் கிடப்பது மேலே வரத் தொடங்கும். பொருளை மாற்றி மாற்றிக் கேட்டால் மேலாகக் கிடப்பது மட்டும்தான் கிடைக்கும்.

அச்சிட்ட பட்டியலை எடுத்துப்போய் ‘இது தெரியுமா, இது தெரியுமா’ என்று டிக் அடிப்பது எதிராளியைப் பரீட்சையில் உட்கார வைப்பது மாதிரி. பழமொழிக்கு இவ்வளவு என்று காசு கொடுப்பது அதைவிடக் கெடுதல். மூன்றாவது நாள் புதிதாகக் கட்டிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். வெற்றிலை பாக்கோ பழமோ வாங்கிப் போங்கள். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். பதினைந்து நல்ல பழமொழி சமயத்தோடு கிடைத்தால் அது நல்ல நாள்.

ஒலிப்பதிவு

செல்போன் போதும். விமானப் பயன்முறையில் போடுங்கள். இல்லாவிட்டால் நல்ல இடத்தில் அழைப்பு வந்து அறுத்துவிடும். மடித்த துண்டின் மேல், பேசுகிறவர் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். வெறும் சிமெண்டுத் தரையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடிபோல் விழும். மின்விசிறியை நிறுத்தச் சொல்வதைவிட அது இல்லாத திண்ணைக்கு வருவது மேல். ஆரம்பத்தில் பத்து வினாடி தேதி, ஊர், எண் சொல்லுங்கள், பெயர் வேண்டாம். பதிவு செய்யலாமா என்று கேட்பதும் அவர் சம்மதம் சொல்வதும் பதிவிலேயே இருக்கட்டும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது எண்களை மட்டும் பயன்படுத்துங்கள்: ஆண்டு, மாதம், நாள், ஊர் எண், வரிசை எண். அன்று இரவே இன்னோர் இடத்தில் நகல் எடுங்கள்.

எல்லாவற்றிலும் நல்ல பழமொழி பதிவை நிறுத்திய பிறகு, வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் வரும். மறுபடி போனை எடுத்து நீட்டினால் பேச்சு செத்துவிடும். சட்டைப் பையில் சின்ன நோட்டு வைத்திருங்கள். தெருமுனை திரும்பியதும் முதல் இரண்டு சொல்லையும் சமயத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத்தில் இறக்குவது

மறுநாளே உட்காருங்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு நாலு மணி நேரமாவது ஆகும். குரல் தட்டச்சை நம்பாதீர்கள். அது பேச்சு வழக்கைத் தானாகவே எழுத்து வழக்காக மாற்றிவிடும். ‘கினு’ போய் ‘கொண்டு’ வந்து உட்காரும். பிறகு எது அவர் சொன்னது, எது போன் சொன்னது என்று தெரியாது.

சீட்டில் இரண்டு வரி வேண்டும். மேல் வரி, வாயில் வந்தபடி. கீழ் வரி, வெளியூர்க்காரருக்கும் புரியும்படி. மேல் வரிக்குக் காது மட்டுமே சாட்சி. இந்த வட தமிழகப் பேச்சில் பலர் ழகரத்தை யகரமாகச் சொல்வார்கள்: மழை ‘மய’ ஆகும், கழனி ‘கயினி’ ஆகும். அதனால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நீங்களாகவே ‘ய’ போடக் கூடாது. ஒரே ஆள் ஒரே வாக்கியத்தில் இரண்டும் சொல்வதுண்டு. சொன்னது எதுவோ அதை எழுதுங்கள்.

ஐகாரத்தில் முடியும் சொற்களில்தான் பெரிய குழி இருக்கிறது. ‘வேலைக்கு’ இங்கே ‘வேலிக்கு’ ஆகும், ‘தலைக்கு’ ‘தலிக்கு’ ஆகும், ‘கொல்லைக்கு’ ‘கொல்லிக்கு’ ஆகும். ‘வேலிக்குப் போனவன்’ என்று காதில் விழுந்தால் அவன் போனது வேலைக்கா, முள்வேலிக்கா? ஓணான் பழமொழியில் வேலிதான். இன்னொன்றில் வேலையாக இருக்கும். வெளியூரிலிருந்து வரும் மாணவர்கள் இந்த இடத்தில் விழுந்து, இல்லாத வேலிக்கு அரைப் பக்கம் விளக்கம் எழுதிவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

சொல் பொருளைத் தனியாகக் குறியுங்கள். இங்கே கொல்லை என்றால் மானாவாரி நிலம். வீட்டுப் பின்புறம் என்று தெற்கத்தி ஆள் படிப்பார். கழனி என்றால் நெல் விளையும் நஞ்சை. ஏரி ‘கோடி போவது’ என்றால் நிரம்பி வழிவது. அளவுகள் வந்தால் கணக்கைப் போட்டுவிடுங்கள். ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்பதில் உழக்கு என்பது கால் படி, அதாவது இரண்டு ஆழாக்கு. அது தெரியாமல் படிப்பவருக்கு அந்த வரியின் வலி எட்டாது: மூட்டை மூட்டையாக விளைந்த இடத்தில் ஒரு வேளைச் சோற்றுக்கான அரிசிகூட மிஞ்சவில்லை.

ஒரு சீட்டு

அஞ்சலட்டை அளவில் கெட்டிக் காகிதம். ஒரு சீட்டில் ஒரே பழமொழி; பதிலுக்குப் பதிலாக வந்த ஜோடி மட்டும் விதிவிலக்கு. மாதிரிக்கு ஒன்று:

எண்: 27. தா.
சமயம்: அப்பா விட்டுப்போன கொல்லையை விற்கவும் வேண்டும், அதில் விளையும் மல்லாட்டையில் வருஷா வருஷம் பங்கும் வேண்டும் என்று கேட்ட தம்பிக்கு அக்கா சொன்னது. தம்பி பதில் பேசவில்லை. பக்கத்தில் இருந்த அண்ணி சிரித்தாள்.
வாயில் வந்தபடி: கூயுக்கும் ஆசை மீசிக்கும் ஆசைன்னா எப்டிடா?
எழுத்தில்: கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.
சொல்: கூழ், கேழ்வரகுக் கூழ். குடித்தால் மீசையில் ஒட்டும்.
சொன்னவர்: பெண், 60க்கு மேல், விவசாயக் கூலி.
இடம்: கிராமம், தாலுகா, இன்றைய மாவட்டம். தேதி.
பொருள்: சேர்ந்து இருக்க முடியாத இரண்டையும் கேட்பது. இங்கே, வெட்கப்படுத்தி வாயடைப்பது.

கடைசி வரியில் இரண்டு வாக்கியம் இருப்பதைக் கவனியுங்கள். முதலாவது பழமொழியின் பொருள். இரண்டாவது அந்த இடத்தில் அது செய்த வேலை. இரண்டாவது இல்லாத சீட்டு பாதிச் சீட்டு. அந்த ஒரு கேள்விக்குறியையும் ‘டா’வையும் கீழ் வரியில் விட்டுவிடலாம், மேல் வரியில் விடக் கூடாது.

இட வரியில் மாவட்டம் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய குறிப்புகளில் ‘வட ஆற்காடு’ என்றிருந்தால் எது என்று தெரியாது. சித்தூர் 1911 வரை அதில் இருந்தது. 1989ல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து தனியாயின. ஆரணி, செய்யாறு, வந்தவாசி என்று ஊரையும் தாலுகாவையும் எழுதிவிட்டால் நாளைக்கு எல்லை எப்படி மாறினாலும் சீட்டு பிழைக்கும்.

மாற்று வடிவம், மூன்று மொழி

மாற்று வடிவம் கிடைத்தால் பழைய சீட்டில் அடித்துத் திருத்தாதீர்கள். 27அ, 27ஆ என்று தனிச் சீட்டு. ‘எது சரி?’ என்ற கேள்வியே வேண்டாம். இரண்டு ஊரில் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டும் சரி. முதல் சொல்லை வைத்து அகர வரிசைப்படுத்தினால் ‘ஆடத் தெரியாதவ’ ஒரு பக்கமும் ‘ஆட மாட்டாதவள்’ இன்னொரு பக்கமும் போய்விடும். மாறாத பெயர்ச்சொற்கள் இரண்டைப் பிடித்து (இங்கே கூடம், கோணல்) அவற்றின் கீழ் தேடும்படி வையுங்கள். கணினியில் ஏற்றும்போது யூனிகோடு எழுத்துருதான். பழைய எழுத்துருக்களில் அடித்த எத்தனையோ பேருடைய சேகரிப்பு இன்று கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

இந்த வட்டாரத்தில் சேகரிப்பவருக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு செல்வம் இருக்கிறது. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் உருதும். கூடம் கோணல் பழமொழிக்குத் தெலுங்கு வீட்டில் ‘ஆடலேக மத்தெல ஓடு’ என்பார்கள்: ஆட முடியாமல் மத்தளம் ஓட்டை என்றாளாம். உருது வீட்டில் ‘நாச் ந ஜானே, ஆங்கன் டேடா’: ஆடத் தெரியாது, முற்றம் கோணல். மூன்று பேரும் ஒரே ஆளைத்தான் கேலி செய்கிறார்கள். தமிழில் கூடத்தின் மேல் பழி, உருதில் முற்றத்தின் மேல் பழி, தெலுங்கில் பாவம் மத்தளத்தின் மேல். இவற்றை மொழிபெயர்ப்பு என்று குறிக்காதீர்கள். எது எதிலிருந்து வந்தது என்று நிரூபிக்க முடியாது. மூன்று சீட்டும் ஒரு நூலில் கட்டி, ‘இணை’ என்று மட்டும் எழுதுங்கள். வேற்று மொழி வரியைத் தமிழ் எழுத்தில் கேட்டபடி எழுதி, அந்த மொழி பேசுகிறவரிடம் மறுபடி படித்துக் காட்டுங்கள். வீட்டில் தெலுங்கு பேசும் ஒருவர் கடைத்தெருவில் எந்த மொழியில் பழமொழி சொல்கிறார் என்பதையும் குறியுங்கள். கோபத்தில் மொழி மாறும்.

‘உண்மையான பொருள் இதுதான்’

சேகரிப்பைக் கெடுப்பதில் இதற்கு இணை இல்லை. ‘மண் குதிரை இல்லை, மண் குதிர்’, ‘பேரைக் கொன்றவன் இல்லை, வேரைக் கண்டவன்’ என்று செல்போனில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேட்க அழகாக இருப்பதால் நம்பிவிடுகிறோம். நம்புவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். அந்தத் திருத்திய வடிவத்தைப் படிக்காத ஒரு பெரியவர் தானாகச் சொல்லி யாராவது கேட்டிருக்கிறார்களா? 19ஆம் நூற்றாண்டு அச்சில் எந்த வடிவம் இருக்கிறது? திருத்திய சொல் அந்த ஊர்ப் பேச்சில் அந்தப் பொருளில் இருக்கிறதா?

குதிர் என்றால் ஆற்று மணல் திட்டு என்கிறார்கள். இந்தப் பக்கம் குதிர் என்று கேட்டால் நெல் கொட்டி வைக்கும் மண் களஞ்சியத்தைத்தான் காட்டுவார்கள். ஐயனார் கோயிலில் நேர்ந்துவிட்ட மண் குதிரையைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தப் பழமொழியில் புரியாதது ஒன்றுமில்லை: கம்பீரமாக நிற்கும், ஏறி ஆற்றைக் கடக்க முடியாது. ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்பதில் இருக்கும் கசப்பு, வைத்தியனிடம் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் கசப்பு. வேராக்கினால் அது மூலிகை விளம்பரமாகிவிடுகிறது. ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்பதிலும் சொல்லை மாற்றினால் அப்படித்தான். அமீனா என்பவர் கடனுக்கு ஜப்தி செய்ய வரும் கோர்ட்டு ஆள். நவாப் ஆண்ட ஆற்காட்டுச் சீமையில் ஜப்தி, வாய்தா, அமீனா எல்லாம் வீட்டுப் பேச்சு. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் பானை சட்டி தெருவுக்கு வந்த குடும்பங்களின் நினைவும் அதோடு போய்விடும்.

திருத்திய பொருளை ஊரில் ஒருவர் உங்களிடம் சொன்னால் மறுத்துப் பேச வேண்டாம். அதையும் எழுதுங்கள், ‘கேட்ட வழி: செல்போன்’ அல்லது ‘பட்டிமன்றம்’ என்று குறித்துவிடுங்கள். அதுவும் இன்றைய வழக்குதான். பழையது என்று மட்டும் ஏற்றக் கூடாது.

ஊர்ச் சொல்லும் வசைச் சொல்லும்

வேலூரைப் பற்றி ஊரறிந்த சொல் ஒன்று இருக்கிறது: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு. சிலர் மரம் இல்லாத மலை என்று சேர்ப்பார்கள், சிலர் அதிகாரம் இல்லாத போலீஸ் என்பார்கள், பெண்களை இழுத்துப் பேசும் வடிவமும் உண்டு. எத்தனை உறுப்பு, எந்த வரிசை என்று ஒவ்வொருவரிடமும் தனியாக எழுதுங்கள். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981ல் லிங்கம் மீண்டும் வைக்கப்பட்டது. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டது. ஆனாலும் சொல் நிற்கிறது. ‘இப்போதான் சாமி வந்துடுச்சே’ என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் அவருடைய வயது தெரியும். இதை உள்ளூர்க்காரர் சொல்கிறாரா, வெளியூர்க்காரர் சொல்கிறாரா என்பது கட்டாயம் வேண்டும். உள்ளூர்க்காரர் வாயில் அது சலிப்பு கலந்த உரிமை. வெளியூர்க்காரர் வாயில் ஏளனம்.

சாதிப் பெயர் வரும் பழமொழிகள் நிறையக் கிடைக்கும். ஊனத்தை, கைம்பெண்ணை இழிவு செய்பவையும் கிடைக்கும். அவற்றை எழுதாமல் விடுவது தவறு. யார் யாரை எப்படி மிதித்தார்கள் என்பதற்கு அவை சாட்சி. சொல்லை மழுப்பி எழுதுவதும் தவறு. கூடம் கோணல் பழமொழிக்கே பழைய அச்சு வடிவத்தில் ‘தேவடியாள்’ என்று இருக்கும், இன்று திண்ணையில் ‘ஆடத் தெரியாதவ’ என்று இருக்கும். இரண்டும் அவ்வவ்விடத்தில் அப்படியே நிற்க வேண்டும். ஆனால் சாதி வசைச் சீட்டுகளைத் தனிப் பெட்டியில் வையுங்கள். முகநூலில் போடாதீர்கள், பள்ளிக்கூடப் போட்டிக்குக் கொடுக்காதீர்கள். சமயமும் விளக்கமும் இல்லாமல் ஒரு வரியாக வெளியே போனால் அது மறுபடி வசையாகத்தான் வேலை செய்யும். முடிந்தால், வசைக்கு ஆளான பக்கத்து மக்கள் பதிலுக்குச் சொல்லும் பழமொழியைத் தேடிப் போய் எழுதுங்கள். பெரும்பாலான சேகரிப்புகளில் அந்தப் பக்கம் காலியாகவே கிடக்கிறது.

அச்சோடு ஒப்பிடுவது

ஐம்பது சீட்டு சேர்ந்த பிறகு ஒப்பிட்டால் போதும். முன்பே பார்த்தால் காது புத்தகத்துக்கு அடிமையாகிவிடும். பெர்சிவல் 1874, லாசரஸ் 1894, ஜென்சன் 1897 ஆகிய மூன்று தொகுப்புகளும் இணையத்தில் ஸ்கேனாகக் கிடைக்கின்றன. லாசரஸ் அகர வரிசை. ஜென்சன் பொருள் வாரியாகப் பிரித்தது. பெரும்பாலான வரிகள் எழுத்து வழக்கில் இருக்கும். ஒப்பிட்டு, ‘அச்சில் உண்டு’, ‘அச்சில் வேறு வடிவம்’, ‘அச்சில் இல்லை’ என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். மூன்றாவது வகை உடனே புதையல் ஆகிவிடாது. அது ஒரே ஒருவர் வீட்டுச் சொல்லாகவும் இருக்கலாம். வேறு தெருவில் பாதியைச் சொல்லிப் பாருங்கள். மீதி வந்தால் ஊர்ச் சொல்.

ஒரு மாதம் கழித்து, சொன்னவரிடம் திரும்பப் போய்ச் சீட்டைப் படித்துக் காட்டுங்கள். மேல் வரியை, அவர் பேச்சிலேயே. ‘நான் எங்க அப்படி சொன்னேன்?’ என்று சிரிப்பார்கள், சில இடத்தில் திருத்துவார்கள், சில சம்பவத்தை ‘அத்த எடுத்துடு’ என்பார்கள். எடுத்துவிடுங்கள், பழமொழியை வைத்துக்கொண்டு சம்பவத்தை மட்டும் நீக்கி, ‘சமயம் நீக்கப்பட்டது’ என்று எழுதுங்கள். திருத்தங்களைச் சீட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுத வேண்டும், முன்பக்கத்தில் கை வைக்காமல்.